எதுவும் பூசாத உன் முகம்

அடி அமுதா, என் உயிரே,

இங்கே வெயில் ஏறிவிட்டது. புனேயில், நம் தாபோடியில், காலையிலேயே தகரக் கூரைகள் கொதிக்கின்றன. நீ இல்லாமல் வருகிற முதல் கோடை இது. போன வருஷம் பிள்ளையார் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த வாரம், நெஞ்சு என்னவோ பண்ணுது என்று சொல்லி உட்கார்ந்த நீ அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய கையோடு ஒருத்திக்கு அப்படி வரும் என்று யார் நினைத்தார்கள்?

நீ இருக்கிற இடத்தில் வெயில் உண்டா? உன் கன்னம் எரியாமல் இருக்கிறதா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் உன்னிடமே கேட்கிறேன்.

உன் வீட்டுச் செய்திகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சொல்வதற்கு முன்னால் நம் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரியாததா என்று சிரிப்பாய். ஆனால் இந்த வருஷம் அந்தக் கதையை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. முதல் தடவையாக, உன் மகளிடம்.

நாம் இரண்டு பேரும் தாபோடியில் ஒரே சாளில், ஒண்டிக்குடித்தன வரிசையில், வளர்ந்தவர்கள். அப்பாக்கள் ஒரே ஃபாக்டரி, ஒரே ஷிப்ட். அம்மாக்கள் வேலூர்ப் பக்கத்துப் பேச்சை இங்கே வந்தும் விடாதவர்கள். படிப்பு முடிந்ததும் ஔந்தில் ஒரு பெரிய துணிக்கடையில் சேர்ந்தோம். உன் பழைய ஸ்கூட்டியை நீ ஓட்டுவாய், நான் பின்னால். புனே பெண்கள் எல்லோரையும் போல ஸ்கார்ஃபால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரியப் போவோம். ஆனாலும் வெயில் விடாது. துணிக்குள் வியர்த்து வியர்த்து உன் நெற்றியிலும் தாடையிலும் பரு கிளம்பியது. மூக்குத் தண்டு கருத்தது.

சாதாரணக் கோடைப் பரு. தண்ணீரில் கழுவி, ஸ்கார்ஃபைத் தினமும் துவைத்துக் கட்டியிருந்தால் மழை வந்ததும் அடங்கியிருக்கும். ஆனால் அந்த வருஷம்தான் உன் அம்மா உனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். "ஏற்கெனவே மாநெறம். இப்ப வெயில்ல சுத்தி இன்னும் கருத்துப் போய்ட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்கள். நீ உள்ளே சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாய். மேல் மாடியில் குடியிருந்த அக்கா ஒருத்தி ஒரு ட்யூபைக் கொண்டுவந்து கொடுத்தாள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், ராத்திரி தடவு, ஒரு வாரத்தில் பார் என்றாள்.

ஒரு வாரத்தில் பார்த்தோம். பரு போயிற்று. முகம் உரித்த முட்டை மாதிரி ஆயிற்று. கடை மேனேஜர்கூட உன்னை முன் கவுண்டரில் நிற்கச் சொன்னார். நீ கண்ணாடி பார்க்கிற நேரம் கூடியது. எனக்கும் பொறாமையாகத்தான் இருந்தது, இப்போது சொல்வதற்கு என்ன?

சித்திரை வெயில் வந்ததும் எல்லாம் மாறியது. ஒருநாள் கடையின் ஸ்டோர் ரூமில் என் கையைப் பிடித்து இழுத்தாய். "வசு, மூஞ்சி எரியுதுடி. தாங்க முடியல" என்றாய். ஸ்கார்ஃபை விலக்கிப் பார்த்தேன். தணலில் வாட்டிய தக்காளித் தோல் போல இருந்தது உன் கன்னம். சிவந்து, மினுமினுத்து, ஓரங்களில் உரிந்து. ட்யூபை ஒருநாள் நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது, தடவினால் அடங்குகிறது, வெயில் பட்டால் மறுபடி எரிகிறது என்றாய். எத்தனை வாரமாக இதை மறைத்து வைத்திருந்தாயோ. வீட்டுக்குள்ளேயும் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு திரிந்ததற்கு, தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்லியிருந்தாய்.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். உன் அம்மா எலுமிச்சையையும் மஞ்சளையும் குழைத்துப் பூசினார்கள். நீ போட்ட அலறலில் சாளே கூடிவிட்டது. மறுநாள் நான் உன்னை வற்புறுத்திச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் ஒரு மராட்டி அம்மா. ட்யூபைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹே கோணி தில?" என்று கேட்டார். யார் கொடுத்தது என்ற அந்தக் கேள்விக்கு நாம் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோலை மெலிய வைத்துவிட்டது என்றார். ஒரேயடியாக அல்ல, அவர் சொல்கிறபடி படிப்படியாக விட வேண்டும். விடும்போது முதலில் இன்னும் சிவக்கும், பயந்து மறுபடி தடவிவிடக் கூடாது. "லிம்பு நகோ, ஹளத் நகோ, காஹி நகோ" என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். எலுமிச்சை வேண்டாம், மஞ்சள் வேண்டாம், எதுவுமே வேண்டாம். குளிர்ந்த தண்ணீர், நிழல், பருத்தித் துணி, அவர் எழுதிக் கொடுத்த வாசனையில்லாத களிம்பு. அவ்வளவுதான். வெளியே வந்ததும் நீ, "இவ்ளோதானா வைத்தியம்?" என்று ஏமாந்து போய்க் கேட்டாய்.

அந்த இவ்வளவுதான் எத்தனை கடினமாக இருந்தது. மண்பானைத் தண்ணீரில் என் அம்மாவின் நைந்த வாயில் புடவையைக் கிழித்து நனைத்து, பிழிந்து, உன் முகத்தில் போடுவேன். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான் வேண்டும். துணி சூடானதும் மாற்ற வேண்டும். நீ பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, துணிக்கு அடியிலிருந்து பேசுவாய். பாதி புரியாது. கடைக்கு லீவு. வெயில் தாழ்ந்த பிறகுதான் வாசலுக்கே வருவாய். மோரும் வெள்ளரிக்காயும் தின்று தின்று அலுத்துப்போய், "என்ன மாட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கிறீங்க" என்று சண்டை போட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் சேகர் அண்ணன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வானவடியில் ராணுவ மெஸ்ஸில் சமையல் வேலை, நல்ல பையன், ஒரு அண்ணன், ஒரு அண்ணி, வேறு பிடுங்கல் இல்லை. தள்ளிப் போட்டால் கை நழுவிவிடும் என்று உன் அம்மாவுக்குப் பயம். பெண் பார்க்க வருகிற அன்று மதியம் உன் அம்மா அந்த ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. "இன்னைக்கு ஒருநாள் மட்டும் போட்டுக்கம்மா. பளிச்சுனு ஆயிடும். அவங்க பார்த்துனு போனப்புறம் உட்டுடு" என்றார்கள். மிரட்டவில்லை. கெஞ்சினார்கள்.

நீ ட்யூபை வாங்கினாய். மூடியைத் திறந்தாய். அப்புறம் மூடி, அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டு, "எனக்கு நாளைக்கும் இந்த மூஞ்சிதாம்மா" என்றாய். எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாய்.

அந்த முகத்தோடுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாய். சிவப்பும் திட்டுமாக. பவுடர்கூட இல்லை. அவருடைய அண்ணி தட்டை வாங்க மறந்து உன்னையே பார்த்தார். "முகத்துக்கு என்ன ஆச்சு?" என்றார். உன் அம்மா, வெயில் ஒத்துக்கவில்லை என்று தொடங்கினார்கள். நீ இடையில் புகுந்து, "வெள்ளையாவணும்னு ஒரு க்ரீம் போட்டேன். அது இப்படிப் பண்ணிடுச்சு. டாக்டர்கிட்ட போய்ட்டிருக்கேன்" என்றாய். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அதுவரை தலை நிமிராமல் இருந்த சேகர் அண்ணன்தான் பேசினார். சரியாகுமா என்று கேட்கவில்லை. தழும்பு நிற்குமா என்றும் கேட்கவில்லை. "எரியுதா?" என்றார்.

நீ தலையாட்டினாய். அவர் எழுந்து, தன் பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி உன் பக்கம் திருப்பி வைத்தார். "நான் அடுப்படியிலயே நிக்கறவன். உன்ஹாளா வந்துட்டா முதுகு பூரா வேர்க்குரு. எரிச்சல்னா இன்னான்னு எனக்குத் தெரியும்" என்று அண்ணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். கோடையை மராட்டியில் சொல்கிற உன் மாப்பிள்ளையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு அழுகை வந்தது. கண்ணீர் பட்டு இன்னும் எரிந்ததாம், அப்புறம் சொன்னாய்.

மழை வந்தபோது உன் முகம் ஆறியது. தீபாவளிக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. ஆனால் கன்னத்து மேட்டில் அந்தச் சிவப்பு முழுசாகப் போகவே இல்லை. வெயில் பட்டால், அடுப்புப் பக்கம் நின்றால், வாய்விட்டுச் சிரித்தால்கூட ரத்தம் ஏறிவிடும். அதற்குப் பிறகு நீ முகத்தில் எதையும் பூசியதில்லை. கைகாலுக்கு என்று சோற்றுக் கற்றாழை கொண்டுவந்தால்கூட முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் காத்திருப்பாய். குளிக்க வெறும் பயத்தமாவு, பனிக்குக் கைகால்களில் தேங்காயெண்ணெய், வெயிலுக்குத் தண்ணீர். கேட்கிறவர்களிடம், "தோல் நம்மகிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல, சும்மா விடுங்கன்னுதான் கேக்குது" என்பாய்.

சேகர் அண்ணனின் முதுகு மட்டும் உன் தனிப் பொறுப்பு. சித்திரை பிறந்ததும் கைவண்டியில் நுங்கு வரும். இங்கே தாட்கோளே என்று கூவுவார்கள். நீ நுங்கை உரித்துத் தின்னக் கொடுத்துவிட்டு, தோலின் உட்பக்கத்தால் அவர் முதுகில் தேய்ப்பாய். பெரிய ஆள் சின்னப் பிள்ளை மாதிரி நெளிவார் என்று போனில் சொல்லிச் சிரிப்பாய்.

இனிச் செய்திகளுக்கு வருகிறேன்.

இந்தக் கோடையில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றுவதே இல்லை. உன் மகள் காவ்யாதான் பார்த்திருக்கிறாள், கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றவரை. உடனே எனக்குப் போன். "மாவ்ஷி, பப்பாவோட பீட் ஃபுல்லா ரெட்டாயிடுச்சு. மம்மி தாட்கோளா வெச்சு ஏதோ செய்வாங்க இல்ல? எப்படின்னு எனக்கு மாலூமே இல்ல" என்றாள். அவள் தமிழ் உனக்குத் தெரிந்ததுதானே. சித்தியை மாவ்ஷி என்பாள், முதுகு என்ற சொல் வராது, ஆனால் பப்பாவின் முதுகு அவளுக்கு வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வானவடிக்குப் போனேன். போகிற வழியில் நுங்கு வாங்கிக்கொண்டேன். சேகர் அண்ணன் முதலில் மறுத்தார். "அதெல்லாம் வேணாம் வசந்தி, தானா போயிடும்" என்றார். காவ்யா விடவில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார வைத்தாள். மகள் முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சம் அவருக்கு. அப்பாவின் முதுகைத் தொட அவளுக்கும் கூச்சம். நான் எப்படி உரிப்பது, எந்தப் பக்கத்தால் தடவுவது என்று காட்டிவிட்டு, டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஆனால் காது அங்கேதான் இருந்தது. அப்புறம் அவர் குரல் கேட்டது. "உங்கம்மா கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பா."

"அழுத்தவா பப்பா?"

"வேணாம். உன் கை போதும்."

டீயை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. காவ்யா நிறுத்தவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் டீயை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

இப்போது அவருக்கு எவ்வளவோ பரவாயில்லை. மெஸ்ஸிலிருந்து வந்ததும் குளித்து, தொளதொள பனியன் போட்டுக்கொள்கிறார். குறையாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போவேன் என்று காவ்யா மிரட்டி வைத்திருக்கிறாள். அதில் உன் குரல் அப்படியே இருக்கிறது.

இதுவரை நல்ல செய்தி. அடுத்தது கொஞ்சம் வருத்தமானது, பொறுத்துக்கொள்.

மழைக்காலத்தில் வரப்போகிற உன் வருஷத் திதிக்காகச் சேகர் அண்ணன் இப்போதே உன் படத்தைப் பெரிதாக்க ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருந்தார். சட்டம் போட்டு வந்த அன்று உன் அம்மாவும் நானும் அங்கே இருந்தோம். காகிதத்தைப் பிரித்தால், அமுதா, அது நீயே இல்லை. மைதா மாவு மாதிரி வெள்ளை முகம். கன்னத்தில் சிவப்பு இல்லை, கண்ணுக்குக் கீழே சுருக்கம் இல்லை, தாடை மச்சத்தைக்கூட அழித்துவிட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். சேகர் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"லட்சணமா இருக்கா" என்றார்கள் உன் அம்மா, மெதுவாக.

காவ்யா படத்தையே பார்த்தாள். "ஆயா, இது மம்மி இல்ல" என்றாள் பாட்டியிடம்.

"இருக்கட்டுமே கண்ணு. உசுரோட இருந்தப்பதான் வெயில்லயும் எரிச்சல்லயும் கெடந்தா. போனப்புறமாவது மூஞ்சி நல்லா இருக்கட்டுமே."

"மம்மி மூஞ்சிக்கு என்ன ஆச்சு? யாருமே எனக்குச் சொன்னதில்ல."

உன் கன்னம் பிறவியிலேயே அப்படி என்று அவள் நினைத்திருந்தாளாம். நீ ஏன் சொல்லவில்லை? அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா? நான் சேகர் அண்ணனைப் பார்த்தேன். அவர் சொல்லு என்பது போலத் தலையசைத்தார். ஸ்கூட்டி, ட்யூப், ஆஸ்பத்திரி, ஈரத்துணி, பெண் பார்க்க வந்த அன்று நீ நின்ற நிலை, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ட்யூபை யார் நீட்டியது என்பதை மட்டும் சொல்லாமல் தாண்டினேன்.

உன் அம்மா தாண்டவில்லை. "ஒருநாளைக்குப் போட்டுக்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார்கள். "எம்பொண்ண யாரும் வேணாம்னு சொல்லிடக் கூடாதுன்னு பயம் எனக்கு. அவ கருப்புன்னா எனக்கென்ன, நான் பெத்தது. ஊரு அப்படிப் பாக்குதே, அதுக்குத்தான்." காவ்யா போய் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடியில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். ஆன்லைனில் வாங்கிய ஏதோ க்ரீம். நெற்றிப் பருவுக்காம். "இன்னும் ஓப்பன் பண்ணல மாவ்ஷி. இதுல என்ன இருக்குன்னு டாக்டர்ட்ட கேக்கலாம். நீங்க கூட வருவீங்களா?" என்றாள். வராமல் இருப்பேனா?

பிறகு வேறு படம் தேட ஆரம்பித்தோம். உன் படங்களில் பாதியில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய், மீதியில் செயலி ஏதோ ஒன்று உன்னை வெளுத்து வைத்திருக்கிறது. கடைசியில் என் போனில் ஒன்று அகப்பட்டது. போன வருஷம் மே மாத வெயிலில் என் வீட்டுக்கு வந்து, சிங்க்கில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது நான் எடுத்தது. கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கிறது. நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. எதற்கோ சிரிக்கிறாய். எதற்கு என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"இதுதான்" என்றார் சேகர் அண்ணன்.

நானும் காவ்யாவும் ஸ்டூடியோவுக்குப் போனோம். கடைக்காரர் பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, முகம் ரொம்பச் சிவப்பாக இருக்கிறதே, கொஞ்சம் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். காவ்யா, "நகோ தாதா. ஜஸ ஆஹே தஸ" என்றாள். வேண்டாம் அண்ணா, இருக்கிறபடியே இருக்கட்டும். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நேற்று அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். உன் அம்மா தாபோடியிலிருந்து வந்திருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய் நின்றார்கள். என்ன சொல்வார்களோ என்று எல்லோரும் காத்திருந்தோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாரு, ஈரத்தோடவே வந்து நிக்கறா. தொடச்சினு வரக் கூடாதா" என்றார்கள். முந்தானையை எடுத்து, உன் நெற்றிக்கு நேரே சட்டத்தின் கண்ணாடியை ஒற்றினார்கள். தேய்க்கவில்லை. ஒற்றினார்கள்.

அமுதா, நான் உயிரோடு இருக்கிறவரை உன் முகத்தில் யாரும் கை வைக்க விடமாட்டேன். காவ்யாவுக்கு நாளை மாப்பிள்ளை பார்க்கும் காலம் வந்தாலும், அவள் எந்த நிறத்தில், எந்தப் பருவோடு வந்து நிற்கிறாளோ, அப்படியே நிற்பாள். பக்கத்தில் நான் நிற்பேன். உனக்கு இது என் சத்தியம்.

உன் மகளுக்கு மாவ்ஷியாகவும், உன் அம்மாவுக்கு இனி இன்னொரு மகளாகவும் இருக்கப் போகிற
உன் வசு